பிரிண்டர் விழுங்கிய மூன்று அங்குலம்: வீட்டுக் கம்ப்யூட்டரில் காஸ்ட்யூம் டிசைன்

ஒரகடத்தில் இருக்கும் என் சித்தி வீட்டிற்குச் சென்ற ஆண்டு புதிய கம்ப்யூட்டர் ஒன்று வந்தது. சித்தி மகள் பேஷன் டிசைனிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கார் உதிரிபாகம் தயாரிக்கும் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் சித்தப்பா, ஓவர்டைம் பணத்தைச் சேர்த்து வைத்து வாங்கிக் கொடுத்தார். கம்ப்யூட்டர் வந்த வீட்டில் வழக்கமாக நடப்பதுதான் அங்கும் நடந்தது. முதல் மாதம் படம், பாட்டு, கேம்ஸ். இரண்டாவது மாதம் கல்லூரியில் புராஜெக்ட் கொடுத்தார்கள்.

கூத்து நாடகமான கர்ண மோட்சத்திலிருந்து ஒரு காட்சி. கர்ணன், பொன்னுருவி, கட்டியக்காரன் என மூன்று பாத்திரங்களுக்கு உடை வரைந்து, பேட்டர்ன் போட்டு, வெட்டித் தைத்து, மேடையில் நடிப்பவர்களுக்கு அணிவித்துக் காட்ட வேண்டும். மதிப்பெண் முழுவதும் அந்த ஒரு நாளில்தான். கூத்தில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டுவது நெடுநாள் வழக்கம் என்பதால், பொன்னுருவியாக நடிக்க ஒரு மாணவரையே தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

நிகழ்ச்சிக்கு ஏழு நாட்கள் இருக்கையில் இரவு பதினோரு மணிக்கு எனக்குப் போன் வந்தது. "அண்ணா, பேட்டர்ன் எல்லாம் சரியாத்தான் போட்டேன். தச்சு முடிச்சுப் பாத்தா ரவிக்கை மூணு இன்ச் குறையுது. கொக்கியே மாட்ட முடியல. துணி போச்சுண்ணா" என்றாள். குரலில் அழுகை. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு வரை போய் வாங்கி வந்த சிவப்பு சில்க் காட்டன் துணி அது. திரும்பப் போய் வாங்க நேரமும் இல்லை, சித்தப்பாவிடம் மீண்டும் பணம் கேட்க அவளுக்கு மனமும் இல்லை.

நான் தொழிலால் சாப்ட்வேர் எஞ்சினியர். ஊசியில் நூல் கோக்கவும் வராது. ஆனால் அடுத்த நாள் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து கிளம்பிப் போய் அவள் பைல்களைத் திறந்து பார்த்தபோது, தவறு தையலில் இல்லை, கம்ப்யூட்டரிலிருந்து காகிதத்திற்கு வந்த வழியில்தான் என்பது தெரிந்தது. அதே தவறு வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் யாருக்கும் வரலாம். ரவிக்கை பேட்டர்னோ, மர அலமாரியின் வரைபடமோ, கோலத்திற்கான ஸ்டென்சிலோ, அளவோடு வரைந்து அளவோடு அச்சிட வேண்டிய எதற்கும் இது பொருந்தும். எனவே முதலிலிருந்தே பார்ப்போம்.

படம் வேறு, அளவு வேறு

காஸ்ட்யூம் டிசைனில் கம்ப்யூட்டருக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, உடை எப்படித் தோன்றும் என்று படம் வரைந்து காட்டுவது. மற்றொன்று, அந்த உடையைத் துணியில் வெட்டுவதற்கான பேட்டர்னைத் தயாரிப்பது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இரண்டையும் ஒரே வேலை என்று நினைத்து ஒரே புரோகிராமில் செய்ய முயல்கிறார்கள். இங்குதான் சிக்கல் தொடங்குகிறது.

படம் வரைய கிரிட்டா என்ற இலவச புரோகிராம் போதும். பிரஷ், பென்சில், வாட்டர் கலர் எல்லாம் உண்டு. ஆனால் பேஷன் படத்தில் ஒரு பொய் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. சாதாரண மனிதரின் உயரம் அவர் தலையைப் போல் ஏழு அல்லது ஏழரை மடங்கு இருக்கும். பேஷன் படங்களில் உருவத்தை ஒன்பது தலை உயரத்திற்கு நீட்டி வரைவார்கள். கூடுதல் உயரத்தில் பெரும்பகுதி காலுக்குத்தான் போகும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்தப் படத்தில் பாவாடையின் கரை இத்தனை பங்கு என்று கணக்கிட்டு உண்மையான துணியில் வைத்தால், நடிப்பவரின் காலில் பாதியைக் கரையே மூடிவிடும். படத்தைப் பார்த்து நிறத்தையும் தோற்றத்தையும் முடிவு செய்யலாம். அளவை எடுக்கக் கூடாது.

இத்துறையைச் சாதாரணமாக எண்ணுபவர்களுக்கு ஒரு தகவல். ஆஸ்கர் விருது பெற்ற முதல் இந்தியர் நடிகரோ இயக்குநரோ இல்லை. காஸ்ட்யூம் டிசைனரான பானு அத்தையா. 1982-ல் வெளியான காந்தி படத்திற்காக, ஜான் மொல்லோ என்பவருடன் பகிர்ந்து 1983-ல் பெற்றார். எங்கள் பக்கத்திலும் இத்துறைக்கு இடமுண்டு. இருங்காட்டுக்கோட்டை சிப்காட் வளாகத்தில், கார் தொழிற்சாலைகளுக்கு நடுவே, காலணி வடிவமைப்புக்கான மத்திய அரசு நிறுவனமான எப்.டி.டி.ஐ.யின் சென்னைக் கிளை இயங்குகிறது. 2017-ல் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் இந்நிறுவனத்திற்குத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்ற தகுதி தரப்பட்டது.

நெசவாளர் வழியும் தையல்காரர் வழியும்

கம்ப்யூட்டரில் படங்கள் இரண்டு வகையாகப் பதியப்படுகின்றன. பிட்மேப் ஒன்று, வெக்டர் ஒன்று. இதனை விளக்க எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் காஞ்சிபுரத்திற்குப் போனால் போதும்.

பட்டுச் சேலையில் அன்னமோ மயிலோ வர வேண்டுமானால், முதலில் அதனைக் கட்டம் போட்ட தாளில் வரைவார்கள். ஒவ்வொரு கட்டமும் பாவு நூலும் ஊடை நூலும் சந்திக்கும் ஓர் இடம். கட்டம் நிரம்பியிருந்தால் அங்கு ஜரிகை தெரியும். காலியாக இருந்தால் தெரியாது. இதுதான் பிட்மேப். உங்கள் மொபைல் போனில் எடுக்கும் போட்டோவும், பெயிண்ட் புரோகிராமில் வரையும் படமும் இப்படிக் கட்டம் கட்டமாகத்தான் பதியப்படுகின்றன. அந்தக் கட்டத்திற்குப் பிக்ஸல் என்று பெயர். படத்தைப் பெரிதாக்கினால் கட்டங்களும் பெரிதாகி, ஓரமெல்லாம் படிக்கட்டு போல் தெரியும்.

தையல்காரர் செய்வது வேறு. "தோளிலிருந்து ஏழு இன்ச் இறங்கு, அங்கிருந்து வளைத்து அக்குள் வரை வா" என்று புள்ளிகளையும் கோடுகளையும் குறிக்கிறார். கட்டமே கிடையாது. இது வெக்டர். கம்ப்யூட்டர் புள்ளிகளின் இடத்தையும் அவற்றுக்கு இடையிலான வளைவையும் மட்டுமே நினைவில் வைத்துக் கொள்கிறது. எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் கோடு கோடாகவே இருக்கும். பேட்டர்னுக்கு வெக்டர்தான் வேண்டும்.

(கம்ப்யூட்டருக்கும் நெசவிற்கும் உள்ள உறவு மிகப் பழையது. 1804-ல் பிரான்சின் ஜக்கார்ட் உருவாக்கிய தறி, துளையிட்ட அட்டைகளைப் பார்த்து டிசைன் நெய்தது. அந்த அட்டைகளைத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கிடும் இயந்திரத்திற்கு எடுத்துக்கொண்டார். 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் துளை அட்டைகளே பயன்பட்டன. காஞ்சிபுரத்தின் தறிகளில் இன்றும் இந்த அட்டைகளைத் தொங்கவிட்டிருப்பதைப் பார்க்கலாம்.)

இங்க்ஸ்கேப்பில் முதல் வேலை

வெக்டர் வரைய இல்லஸ்ட்ரேட்டர், கோரல் டிரா போன்ற புரோகிராம்களைக் கல்லூரிகளில் சொல்லிக் கொடுக்கிறார்கள். அவற்றுக்குப் பணம் கட்ட வேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இங்க்ஸ்கேப் போதும். 2003-ல் தொடங்கப்பட்ட ஓப்பன் சோர்ஸ் புரோகிராம் இது. முற்றிலும் இலவசம். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். திருட்டு காப்பியைப் பென் டிரைவில் வாங்கி வந்து கூடவே வைரஸையும் வாங்காதீர்கள்.

புரோகிராமைத் திறந்தவுடன் வரையத் தொடங்கிவிட வேண்டாம். கண்ட்ரோல், ஷிப்ட் கீகளுடன் டி அழுத்தினால் 'டாகுமெண்ட் பிராப்பர்டீஸ்' விண்டோ கிடைக்கும். அதில் 'டிஸ்பிளே யூனிட்ஸ்' என்ற இடத்தில் பிக்ஸல் அல்லது மில்லிமீட்டர் என இருப்பதை மாற்றி, உங்கள் டேப்பில் எந்த அளவைப் பயன்படுத்துகிறீர்களோ அதனைத் தேர்ந்தெடுக்கவும். நம் ஊர் தையலில் அங்குலம்தான். இப்போது மேலேயும் இடது பக்கமும் உள்ள ரூலர்கள் அங்குலத்திற்கு மாறிவிடும்.

அடுத்து பலரும் கவனிக்காத ஒரு செட்டிங். நீங்கள் 9 அங்குல அகலத்தில் ஒரு கட்டம் வரைகிறீர்கள். கோட்டின் தடிமனையும் சேர்த்து அதன் அகலத்தை இங்க்ஸ்கேப் காட்டும். தடித்த கோடாக இருந்தால் 9 என்று டைப் செய்தாலும் உண்மையில் கோட்டின் நடுவிலிருந்து நடு வரை 9 இருக்காது. எடிட் மெனுவில் 'பிரிபரன்ஸஸ்' சென்று, 'டூல்ஸ்' பிரிவில் 'ஜியோமெட்ரிக் பவுண்டிங் பாக்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் கோட்டின் தடிமன் கணக்கில் வராது. ஒரு துண்டில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. எட்டுத் துண்டுகளை இணைக்கும் பாவாடையில் எட்டு மடங்காகிவிடும்.

வரைவதற்கு பி கீயை அழுத்தினால் பென் டூல் கிடைக்கும். புள்ளி புள்ளியாக கிளிக் செய்து கொண்டே போனால் நேர்கோடுகள் வரும். கிளிக் செய்து விடாமல் இழுத்தால் வளைவு வரும். கைக்குழியின் வளைவைப் பின்னர் என் கீயை அழுத்திச் சரிசெய்து கொள்ளலாம். பின்பாகத்தில் பாதியை மட்டும் வரைந்து, கண்ட்ரோல் டி மூலம் நகல் எடுத்து, எச் கீயை அழுத்தினால் கண்ணாடியில் தெரிவது போல் திரும்பிக்கொள்ளும். இரண்டு தோளும் ஒரே அளவில் இருக்கும்.

தையலுக்கு விடும் துணியை இறுதியில் சேர்க்கவும். துண்டினை ஒருமுறை நகல் எடுத்துக் கொண்டு, நகலின் மீது 'பாத் எபெக்ட்ஸ்' பட்டியலில் உள்ள 'ஆப்செட்' என்பதைச் செலுத்தி, அரை அங்குலம் என்று கொடுத்தால் சுற்றிலும் அரை அங்குலம் தள்ளி இன்னொரு கோடு வரும். உள்கோடு தைக்க, வெளிக்கோடு வெட்ட.

நடிகர் மாறினால் பேட்டர்ன் மாற வேண்டுமே

சித்தி மகள் பேட்டர்னுக்கு சீம்லி2டி என்ற இலவச புரோகிராமைப் பயன்படுத்தியிருந்தாள். நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. பார்த்தவுடன் பிடித்துவிட்டது, ஏனென்றால் இது புரோகிராமர் மூளையோடு செய்யப்பட்ட தையல் சாப்ட்வேர்.

எக்ஸெல்லில் ஒரு செல்லில் எண் கொடுத்து, வேறொரு செல்லில் பார்முலா எழுதினால் எண்ணை மாற்றும்போதெல்லாம் விடையும் மாறும் அல்லவா? அதே முறைதான். அளவுகளைத் தனி பைலாகப் பதிகிறோம். கோட்டின் நீளத்தை 9 என்று எழுதாமல், மார்பளவுடன் தளர்வைக் கூட்டி நான்கால் வகு என்று எழுதுகிறோம். பொன்னுருவியாக நடித்த மாணவரின் மார்பளவு 34 அங்குலம். மூச்சு விடவும் கையைத் தூக்கவும் 2 அங்குலத் தளர்வு. ஆக 36. நான்கில் ஒரு பங்கு 9. நாளை அவருக்குக் காய்ச்சல் வந்து 38 அங்குல மார்பளவு உள்ள வேறொருவர் நடிக்க வேண்டி வந்தால், அளவு பைலில் ஓர் எண்ணை மாற்றினால் பேட்டர்ன் முழுவதும் தானாக மாறிக்கொள்ளும். பெண்களுக்கான ரெடிமேட் பேட்டர்ன் ஆண் நடிகரின் தோள் அகலத்திற்குப் பொருந்தாது என்பதால்தான் அவள் இதனைத் தேர்ந்தெடுத்திருந்தாள். அதுவரை எல்லாம் சரி.

தவறு நடந்த இடம்

வீட்டில் பிரிண்டர் இல்லை. பேட்டர்னை ஏ4 தாள்களாகப் பிரித்து ஒரே பி.டி.எப். பைலாக்கி, பென் டிரைவில் போட்டுக் கடை ஒன்றில் கொடுத்தாள். தாள்கள் வந்தன. வீட்டுக்கு வந்து ஓரங்களை ஒட்டினாள். கோடுகள் ஒன்றோடொன்று அழகாகச் சேர்ந்தன. சேர்ந்ததால் சந்தேகமே வரவில்லை. துணியை வெட்டிவிட்டாள்.

நான் போய் ஒட்டிய பேட்டர்னின் மீது ஸ்கேலை வைத்தேன். 9 அங்குலம் இருக்க வேண்டிய கோடு எட்டேகாலைச் சற்றே தாண்டி நின்றது. மொத்தப் பேட்டர்னும் 92 சதவீதத்திற்குச் சுருங்கியிருந்தது. 36-ல் 92 சதவீதம் 33. காணாமல் போன மூன்று அங்குலம் கிடைத்துவிட்டது.

எப்படிச் சுருங்கியது? கடையிலிருந்த கம்ப்யூட்டரில் பிரிண்டரின் தாள் அளவு 'லெட்டர்' என்று இருந்திருக்கிறது. இது அமெரிக்கர்கள் பயன்படுத்தும் தாள். உயரம் 279.4 மி.மீ. நாம் பயன்படுத்தும் ஏ4 தாளின் உயரம் 297 மி.மீ. பல பிரிண்டர் புரோகிராம்கள் லெட்டர் அளவோடுதான் வருகின்றன. யாரும் மாற்றுவதில்லை. ஏனென்றால் பயோடேட்டா, விண்ணப்பம் போன்றவற்றுக்கு வித்தியாசம் தெரிவதே இல்லை. இத்துடன் பிரிண்ட் விண்டோவில் 'பிட்' என்ற ஆப்ஷனும் டிக் ஆகியிருந்தது. தாளுக்குள் அடங்கும்படி பக்கத்தைச் சுருக்கு என்பது இதன் பொருள். 297-ஐ 279.4-க்குள் அடக்கினாலே 94 சதவீதமாகிவிடும். ஓரத்தில் பிரிண்டர் அச்சிட முடியாமல் விடும் இடத்தை மேலும் கீழும் 3 மி.மீ. கழித்தால் 92.

இதில் ஏமாற்றுவது என்னவென்றால், எல்லாப் பக்கங்களும் ஒரே விகிதத்தில் சுருங்குகின்றன. ஒரு பக்கம் மட்டும் சுருங்கியிருந்தால் கோடுகள் சேராமல் காட்டிக் கொடுத்திருக்கும். கடைக்காரரைக் குறை சொல்லவும் முடியாது. அவரிடம் வருபவர்களில் பெரும்பாலானோருக்கு 'பிட்' இருப்பதே நல்லது.

இதற்குத் தீர்வு மிக எளிது. பேட்டர்னின் முதல் பக்கத்தில், வெற்றிடத்தில், 10 செ.மீ. பக்கமுள்ள ஒரு சதுரத்தை வரைந்து வையுங்கள். கடைக்குப் போகும்போது ஸ்கேல் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். முதல் பக்கத்தை மட்டும் அச்சிடச் சொல்லி, அங்கேயே நின்று சதுரத்தை அளக்கவும். நீளம், அகலம் இரண்டையும் அளக்க வேண்டும். 10 இருந்தால் மீதியை அச்சிடலாம். 9.2 இருந்தால் பிரிண்ட் விண்டோவில் 'ஆக்சுவல் சைஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து, பேப்பர் சைஸை ஏ4 என்று மாற்றச் சொல்லுங்கள். அடோபி ரீடரில் இந்த ஆப்ஷன்கள் 'சைஸ்' பட்டனுக்குக் கீழே இருக்கும்.

பேட்டர்ன் ஒரே பெரிய பக்கமாக இருந்தால் அதே விண்டோவில் 'போஸ்டர்' என்ற பட்டன் உதவும். 'டைல் ஸ்கேல்' 100 என்றும், 'ஓவர்லேப்' அரை அங்குலம் என்றும் கொடுத்து, 'கட் மார்க்ஸ்', 'லேபிள்ஸ்' இரண்டையும் டிக் செய்திடவும். எந்தத் தாள் எங்கே ஒட்டவேண்டும் என்ற குறிப்பும் சேர்ந்தே அச்சாகும்.

பைலைக் கடைக்கு வாட்ஸ் அப்பில் அனுப்புபவர்கள் டாகுமெண்டாகவே அனுப்பவும். போட்டோவாக அனுப்பினால் அது வெறும் பிக்ஸல்களாகிவிடும். இத்தனை அங்குலம் என்ற செய்தி அதில் இருக்காது.

பிளான் பிரிண்ட் கடை

பதினான்கு தாள்களை ஒட்டுவதற்கு மாற்று வழி ஒன்று உண்டு. எங்கள் பகுதியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தொழிற்சாலைக் கட்டடமோ வீட்டு மனையோ எழும்புகிறது. அதனால் பில்டிங் பிளான் அச்சிடும் கடைகளும் உள்ளன. அங்குள்ள பிளாட்டரில் ஏ0 தாள் வரை அச்சிடலாம். 841 மி.மீ. அகலம், 1189 மி.மீ. நீளம். ஒரு ரவிக்கையின் அத்தனை துண்டுகளும் ஒரே தாளில் வந்துவிடும். கறுப்பு வெள்ளையில் போட்டால் செலவும் குறைவு. பிளான் போடுபவர்களுக்கு அளவு முக்கியம் என்பது தெரியும். "நூறு பர்சென்ட், பிட் வேண்டாம்" என்று சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். இருந்தாலும் ஸ்கேலை எடுத்துப் போங்கள்.

சீனியர் மாணவர்களிடமிருந்து பழைய பைல்களை வாங்குபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. இங்க்ஸ்கேப்பின் 0.91 வரையிலான பதிப்புகள் ஓர் அங்குலத்திற்கு 90 பிக்ஸல் என்று கணக்கிட்டன. 2017-ல் வந்த 0.92 பதிப்பிலிருந்து இது 96 ஆக மாற்றப்பட்டது. எனவே பழைய பைலைப் புதிய பதிப்பில் திறக்கும்போது 36 அங்குலம் 33.75 ஆகிவிடும் ஆபத்து உண்டு. இதனைத் தவிர்க்கவே, அப்படிப்பட்ட பைலைத் திறக்கும்போது இங்க்ஸ்கேப் ஒரு கேள்வி கேட்கும். இது திரையில் பார்ப்பதற்கான படமா, காகிதத்தில் அச்சிடுவதற்கானதா என்று. படிக்காமல் ஓகே தட்டும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. இங்கு மட்டும் படித்துவிட்டு, காகிதம் என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.

மீதித் துணியில் ரவிக்கை வருமா?

இனி சித்தி மகளின் துணிக்கு வருவோம். வாங்கியது 44 அங்குல அகலத்தில் 4 மீட்டர். பாவாடைக்கு 3.2, ரவிக்கைக்கு 0.8 என்பது அவள் கணக்கு. ரவிக்கை வீணானதால் மீதி 3.2 மீட்டர். அது பாவாடைக்கே சரியாகப் போய்விடும்.

அன்று இரவு இங்க்ஸ்கேப்பில் 44 அங்குல அகலம், 126 அங்குல நீளத்தில் ஒரு செவ்வகம் வரைந்தோம். அதுதான் எங்கள் துணி. பாவாடை எட்டுத் துண்டுகள் கொண்டது. ஒவ்வொன்றும் மேலே 5 அங்குலம், கீழே 14 அங்குலம், உயரம் தையலுக்கு விடும் துணியோடு 42. அவள் எல்லாத் துண்டுகளையும் ஒரே பக்கம் பார்த்தபடி வைத்துக் கணக்கிட்டிருந்தாள். அப்படி வைத்தால் ஒரு வரிசையில் மூன்று துண்டுகள்தான் அடங்கும். எட்டுத் துண்டுக்கு மூன்று வரிசை, 126 அங்குலம்.

ஒன்றை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் வைத்துப் பார்த்தோம். குறுகிய பக்கத்திற்கு அருகில் அகன்ற பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. நான்கு துண்டுகள் 42.5 அங்குலத்தில் முடிந்துவிட்டன. இரண்டே வரிசை, 84 அங்குலம். மீதி 42 அங்குலம், அதாவது ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம். ரவிக்கைக்குத் தேவை 0.8. மவுஸை வைத்துவிட்டு அவள் கையைத் தட்டிய சத்தத்தில் சித்தி விழித்துக்கொண்டார்.

அனுபவமுள்ள டெய்லர்கள் இதனைக் கண்ணாலேயே செய்துவிடுவார்கள். நமக்கு அந்தக் கண் கிடையாது, அதனால்தான் கம்ப்யூட்டர். துணி வாங்கும் முன்பே இப்படிச் செய்து பார்த்தால் எத்தனை மீட்டர் வேண்டும் என்பது தெரிந்துவிடும். ஆனால் ஒரு கட்டுப்பாடு. ஒரே திசையில் செல்லும் பூ, மயில் போன்ற பிரிண்ட் உள்ள துணியிலும், வெல்வெட்டிலும் தலைகீழாக வைக்கக் கூடாது. வெல்வெட்டில் நிறமே வேறாகத் தெரியும். எந்தத் துணியிலும் துண்டுகளைச் சாய்த்து வைப்பதும் கூடாது. பாவு நூல் ஓடும் திசைக்கு இணையாக ஒவ்வொரு துண்டிலும் ஓர் அம்புக்குறி போட்டுக் கொள்ளுங்கள். அம்பு நேராக நின்றால் துண்டு நேராக இருக்கிறது.

பெரிய ஆடைத் தொழிற்சாலைகளிலும், கார் சீட் உறை வெட்டும் இடங்களிலும் இதே வேலையைச் செய்யத் தனி சாப்ட்வேர்கள் உள்ளன. லெக்ட்ரா, கெர்பர் போன்ற பெயர்களை பேஷன் மாணவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். (பிரான்சின் லெக்ட்ரா, 2021-ல் அமெரிக்காவின் கெர்பரை வாங்கிவிட்டது.) ஆயிரக்கணக்கில் வெட்டும்போது ஒரு சீட்டுக்கு இரண்டு அங்குலம் மிச்சமானாலே பெரிய தொகை. இதனைச் சொன்னதும் சித்தப்பா, தங்கள் பிளாண்டில் தகடு வெட்டுவதும் இப்படித்தான் என்றார். அதுவரை மகளின் படிப்பு அவருக்குப் புரியாத விஷயமாக இருந்தது.

இம்முறை துணியில் கை வைக்கும் முன் காடாத் துணியில் ஒருமுறை வெட்டி, பெரிய தையலாகப் போட்டு, அந்த மாணவருக்குப் போட்டுப் பார்த்தார்கள். சரியாக இருந்தது. பருத்தி கலந்த துணியாக இருந்தால் நனைத்தால் சுருங்குமா என்றும் பார்த்துவிடுங்கள்.

கர்ணனும் தொப்பியும்

கர்ணனுக்கு வேலை வேறு மாதிரி. கிரீடம், தோளணி, மார்புப் பதக்கம் எல்லாம் மரத்தில் செய்து, கண்ணாடித் துண்டும் வண்ணத்தாளும் ஒட்டியவை. இந்தக் கட்டைகளால்தான் கட்டைக்கூத்து என்ற பெயரே வந்தது. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சையரசந்தாங்கலில், 1990-ல் தொடங்கப்பட்ட கட்டைக்கூத்துச் சங்கம் இருக்கிறது. கூத்து உடையை வரைய விரும்பும் மாணவர்கள் படங்களைத் தேடுவதோடு நின்றுவிடாமல், ஓர் இரவு கூத்தை நேரில் உட்கார்ந்து பார்ப்பது நல்லது. அடவு சுற்றும்போது பாவாடை எவ்வளவு விரிகிறது, கை எவ்வளவு உயர்கிறது என்பது போட்டோவில் தெரியாது. இவள் கர்ணனின் அணிகளை அட்டையில் செய்தாள். ஒரு தோளுக்கு இங்க்ஸ்கேப்பில் வரைந்து, எச் கீயால் மறு தோளுக்குத் திருப்பிக்கொண்டாள்.

நிறத்தைப் பற்றி ஒரே வரி. மானிட்டரில் தெரியும் சிவப்பை நம்பித் துணி வாங்காதீர்கள். துணியை முதலில் வாங்கி, அதன் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு படத்தின் நிறத்தை மாற்றுங்கள்.

நிகழ்ச்சியன்று ரவிக்கையின் கொக்கி மாட்டியது. பொன்னுருவி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி அழுதபோது எங்கும் தையல் விடவில்லை. கட்டியக்காரனின் கூம்புத் தொப்பி மட்டும் மேடையில் இரண்டு முறை கழன்று விழுந்தது. அதனை மட்டும் அவசரத்தில் கையால் உத்தேசமாக வெட்டியிருந்தாள். கட்டியக்காரனாக நடித்தவர் விழுந்த தொப்பியிடம் நாலு வசனம் பேசிச் சமாளித்ததில் அரங்கமே சிரித்தது. மதிப்பெண் குறைந்ததா என்று நான் கேட்கவில்லை.

அந்தத் தொப்பிக்கான கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தலையின் சுற்றளவு 22 அங்குலம் என்றால், 14 அங்குல ஆரமுள்ள வட்டத்தில் கால் பங்கு போதும். 14-ன் இரு மடங்கை 22/7-ஆல் பெருக்கினால் 88. அதில் கால் பங்கு 22. இங்க்ஸ்கேப்பில் வட்டம் வரையும் டூலை எடுத்து, 28 அங்குல விட்டத்தில் வரைந்து, மேலே உள்ள கட்டங்களில் 'ஸ்டார்ட்' 0 என்றும் 'எண்ட்' 90 என்றும் கொடுத்தால் கால் வட்டம் கிடைக்கும். ஒட்டுவதற்கு ஒரு பக்கம் அரை அங்குலம் சேர்த்துக் கொள்ளவும். உயரமான தொப்பி வேண்டுமானால் ஆரத்தை அதிகமாக்கி, கோணத்தைக் குறைக்க வேண்டும்.